மட்டிக் குஞ்சுக்கு ஆர் கணக்குப் பார்க்கிறது?

ஒரு சனிக்கிழமை காலமை ஓர்ஸ் ஹில் மேட்டில இருந்து இறங்கி உட்துறைமுகக் கரைக்குப் போனோம். கரை துப்புரவாக்கும் நிகழ்வு. ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆளுக்கொரு ரீ-சேர்ட் தந்தாங்கள், பொலியெஸ்டர். ஆளுக்கொரு தண்ணிப் போத்தல். ரெண்டு மரத்துக்கு நடுவில 'கடலைக் காப்போம்' எண்டு ஒரு பிளெக்ஸ் பனர். பத்து மணிக்குள் சாக்குகள் நிரம்பிவிட்டன. சாக்குகளுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தோம். படம் நல்லா வந்தது. அண்டைக்குப் பின்னேரமே எல்லாரும் ஸ்டோரி போட்டாச்சு.

நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் தள்ளி முழங்கால் தண்ணியில ஒரு அம்மா மட்டி கிளறிக்கொண்டிருந்தா. எங்களில ஒருத்தி போய்ப் பேச்சுக் குடுத்தாள். அம்மா பெரிசா ஒண்டும் சொல்லேல்ல. "பெரிய மட்டி கிடக்கு பிள்ளை, சின்னன் முந்தி மாதிரிக் காணேல்ல" எண்டா. பிறகு, அந்தத் தண்ணிப் போத்தலில ஒண்டு தருவீங்களோ எண்டு கேட்டா. குடுத்தோம்.

அந்த ஒரு வசனம் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்குள்ள வந்து விழுந்ததும் பெரிய சண்டையே நடந்தது. "மைக்ரோபிளாஸ்டிக் மட்டிகளைக் கொல்கிறது" எண்டு உடன போஸ்டர் அடிக்க வேணும் எண்டு பாதிப்பேர். "ஒரு ஆள் சொன்னதை வைச்சு எப்பிடி அடிக்கிறது?" எண்டு மிச்சப்பேர். சின்ன மட்டி குறையிறதுக்குக் காரணம் பல இருக்கலாம். அளவுக்கு மிஞ்சி எடுத்திருக்கலாம், சேறு படிஞ்சிருக்கலாம், மழைக்காலத்தில நன்னீர் கூட வந்திருக்கலாம். போஸ்டர் அடிக்காமல் வாசிக்கத் தொடங்கினோம். கலைப்பீடத்து ஆக்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான வேலைதான். ஒரு கட்டுரையில 'இழையம்', 'சூல்' எண்டு நாங்கள் ஓ.எல்லில் விட்டுவந்த சொல் எல்லாம் திரும்பி வந்தது. வாசிச்ச பிறகு எங்களுக்கு வந்த கோபம் போஸ்டரில் அடிக்கக்கூடிய கோபம் இல்லை. அதைத்தான் எழுதுறம்.

முதல்ல அந்தக் குஞ்சு எவ்வளவு பெரிசு எண்டதைச் சொல்லவேணும், ஏனெண்டால் முழுப் பிரச்சினையும் அளவில்தான் கிடக்கு. சிப்பியும் மட்டியும் பெரும்பாலும் முட்டையையும் விந்தையும் தண்ணிக்குள்ளேயே விட்டுவிடும். ஒரு பெண் சிப்பி ஒரு தரத்தில் கோடிக்கணக்கில்கூட முட்டை விடும். கரு ஒரு நாள் ரெண்டு நாளுக்குள் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில ஒரு மெல்லிய ஓட்டைப் போட்டுக்கொள்ளும். அப்போது அது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட வராது. கிட்டத்தட்ட ரெண்டு மூண்டு கிழமை நீரோட்டத்தோட அலையும். அந்த நாட்களில் அதற்கு வாயைச் சுத்தி மயிர் போன்ற இழைகள் இருக்கும். அவற்றை அடிச்சு அடிச்சுத் தண்ணியில் மிதக்கிற பாசித் துணிக்கைகளை உள்ளே இழுக்கும். அந்தப் பாசி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாப் பிரிச்சால் வருகிற சில பங்கு அளவுதான். அந்த அளவில் தண்ணியில் வேறு என்ன மிதந்தாலும் அதுவும் உள்ளே போகும். பிறகு ஒரு நாள் பாறையோ கட்டையோ செத்த சிப்பியின் ஓடோ பார்த்து ஒட்டிக்கொள்ளும், மண்ணில் வாழுறது மண்ணுக்குள்ள இறங்கும். பாறைச் சிப்பி ஒருக்கா ஒட்டினால் ஒட்டினதுதான், சாகும்வரைக்கும் அதே இடம்.

ஆக, ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைஞ்சதை மைக்ரோபிளாஸ்டிக் எண்டு சொல்லுறது எங்களுக்குத்தான் வசதி. குஞ்சுக்கு ஐந்து மில்லிமீற்றர் எண்டது ஒரு மலை. இணையத்தில் சுத்துற போஸ்டர்களில் சிப்பி வாய்க்குள்ள வெள்ளை உருண்டை ஒண்டு இருக்கிற மாதிரிக் கீறியிருப்பாங்கள். அது பிழை. குஞ்சு உருண்டையை விழுங்காது. உருண்டை வெயிலிலும் அலையிலும் உடைஞ்சு தூளாகி, அந்தத் தூள் பாசி அளவுக்கு வந்த பிறகுதான் வாய்க்குள்ள போகும். இல்லாட்டி உருண்டையில இருந்து கசியிற இரசாயனம் தண்ணியோட சேர்ந்து அதைச் சுத்தி நிக்கும். ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாது. எங்கட சாக்குக்குள்ள ரெண்டும் வராது.

ஆய்வுகள் என்ன சொல்லுது? 2016இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் பசிபிக் சிப்பிகளை, அவை இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிற காலத்தில், ரெண்டு மாதம் பொலிஸ்டைரீன் நுண்துகள் கலந்த தண்ணியில வைத்திருந்தார்கள். ரெண்டு மைக்ரோமீற்றர், ஆறு மைக்ரோமீற்றர் துகள், அதாவது பாசி அளவு. சிப்பிகள் சாகவில்லை. வெளியில இருந்து பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது. ஆனால் முட்டைகளின் எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது. விந்தணுக்களின் வேகம் 23 சதவீதம் குறைந்தது. அந்தத் தாய் தகப்பனின் கருவில் 'டி' வடிவக் குஞ்சாகத் தேறினவை 41 சதவீதம் குறைவு. தேறினவையும் 18 சதவீதம் மெதுவாக வளர்ந்தன. இதில் எங்களை நிறுத்தினது ஒரு விஷயம்: அந்தக் குஞ்சுகளை வளர்த்தது பிளாஸ்டிக் கலக்காத தண்ணியில. அவை ஒரு துகளையும் காணேல்ல. தின்றது பெற்றோர், பட்டது பிள்ளை.

இதே 2016இல் வந்த இன்னொரு ஆய்வு எங்கட நாட்டுக்கு இன்னும் கிட்ட. பிரேசிலில் மண்ணிற மஸல் எண்ட இனத்தின் கருக்களை, பிளாஸ்டிக் உருண்டைகள் ஊறின தண்ணியில வளர்த்துப் பார்த்தார்கள். உருண்டையை இல்லை, அது ஊறின தண்ணியைத்தான் பாவித்தார்கள். தொழிற்சாலையில இருந்து புதுசா வந்த உருண்டையின் தண்ணியும் கருக்களைக் கெடுத்தது. கடற்கரையில கிடந்து பொறுக்கின உருண்டையின் தண்ணியில் ஒரு கருவும் ஒழுங்காக வளரேல்ல, எல்லாம் செத்தன அல்லது உருக்குலைந்தன. கடலில் கிடக்கக் கிடக்க அந்த உருண்டை சுத்தியிருக்கிற நச்சை எல்லாம் ஏற்றிக்கொள்ளும். பழைய குப்பை எண்டு நாங்கள் விட்டுப்போறதுதான் கூட ஆபத்து.

திருகோணமலைத் துறைமுகத்தின் பாறைகளிலும் தூண்களிலும் ஒட்டி வளருவது பச்சை மஸல். அதே இனத்தை வைத்தும் 2016இல் ஒரு சோதனை வெளிவந்தது. பிவிசி தூள் கலந்த தண்ணியில ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலம் விட்டார்கள். தூள் கூடக்கூட அது தண்ணி வடிக்கிறது குறைஞ்சது, மூச்சு குறைஞ்சது, பாறையோட ஒட்டுறதுக்கு அது நூற்கிற நாரும் குறைஞ்சது, சாவு கூடினது. நார் குறைஞ்சால் என்ன நடக்கும் எண்டதை 2019இல் வட அயர்லாந்தில் நீல மஸலை வைத்துப் பார்த்தார்கள்: பொலித்தீன் துகளுக்குள் 52 நாள் இருந்த மஸலின் பிடி ஏறக்குறைய அரைவாசியாகிப் போனது. வாடைக்காற்றுக் காலத்தில கொட்டியாரக்குடா அலையைப் பார்த்த ஆருக்கும் அரைப் பிடி எண்டால் என்ன எண்டு விளங்கும்.

இனி எதிர்ப்பக்கம். ஆய்வுகூடத்தில் போட்ட அளவு பிளாஸ்டிக் கடலில இல்லை எண்டு சொல்லுவார்கள். பல சோதனைகளைப் பற்றி அது உண்மைதான். அந்தப் பச்சை மஸல் சோதனையில் கடலில் காண்பதைவிட மிகக் கூடிய அளவு தூள் போட்டிருந்தார்கள். 2015இல் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வில் சிப்பிக் குஞ்சுகள் துகளைத் தாராளமாகத் தின்றன, ஆனால் அந்தச் சோதனை நடந்த குறுகிய காலத்துக்குள் அவற்றின் வளர்ச்சியிலோ தீனியிலோ அளக்கக்கூடிய மாற்றம் ஒண்டும் இல்லை. இதை மறைச்சுவிட்டு மற்ற நாலையும் மட்டும் போட்டு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கூட ஷெயார் வந்திருக்கும்.

ஆனால் இந்த எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டு "அப்ப பயப்பட ஒண்டும் இல்லை" எண்டு எழும்புற ஆக்களோடதான் எங்கட பிரச்சினை. ஆய்வுகூடத்தில் குஞ்சுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான் குடுக்கிறார்கள். கடலில் அதுக்குச் சூடு கூடுது, சேறு வருது, மருந்து கலந்த வயல் தண்ணி வருது, அதோட பிளாஸ்டிக்கும் வருது. "கோடி முட்டை விடுற சாமான்தானே, கொஞ்சம் குறைஞ்சால் என்ன?" எண்டும் கேட்பார்கள். கோடி விடுவதே கோடியில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் தப்பும் எண்டதால். அந்த மெல்லிய மிச்சத்தில்தான் மீனவரின் கூடையும் அம்மாவின் மட்டிச் சட்டியும் நிக்குது.

இனி எக்ஸ்-பிரஸ் பேர்ளுக்கு வருவம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம், கொரோனா. 2021 மே 20 கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். 25 தொன் நைத்திரிக் அமிலம். ஜூன் மாதத்தில் கப்பல் தாண்டது. அதிலிருந்து கொட்டினது ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் உருண்டைகள். நர்டில் எண்டு ஆங்கிலத்தில் சொல்லுவார்கள். போத்தலும் வாளியும் ஷொப்பிங் பேக்கும் ஆவதற்கு முன் பிளாஸ்டிக் உலகம் சுத்துற வடிவம் இது. பருப்பளவு. உலகில் பதிவான மிகப் பெரிய கடல்சார் பிளாஸ்டிக் கசிவு இதுதான் எண்டு ஐ.நா. சொன்னது. மேற்குக் கரையில் நீர்கொழும்புப் பக்கம் மணலே தெரியாத அளவுக்கு வெள்ளையாகக் கிடந்த படங்களை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எரிஞ்சு கறுத்து உருகின கட்டிகளும் அதுக்குள்ள கிடந்தன.

2025 ஜூலை 24 உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் கட்டவேணும். மகிழ்ச்சி. உண்மையாகவே மகிழ்ச்சி, கிண்டல் இல்லை. வழக்குப் போட்ட சூழல் அமைப்புகளுக்கும் மீனவருக்கும் இந்த நாட்டில் அப்படி ஒரு தீர்ப்புக் கிடைக்கும் எண்டு நாங்கள் நம்பியிருக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் கரையொதுங்கிச் செத்தவற்றின் கணக்கு இருக்கிறது: 417 கடலாமை, 48 டொல்பின், 8 திமிங்கிலம், பெருந்தொகையான மீன்கள். செப்டம்பரில் கம்பனித் தலைவர் பணம் கட்ட முடியாது எண்டு வெளிப்படையாகச் சொன்னார். அது வேற கதை, அதுக்கு வேற கட்டுரை வேணும்.

எங்கட கேள்வி அந்தக் கணக்கைப் பற்றினது. ஆமை செத்தால் உடல் கரைக்கு வரும். ஆள் ஒருவர் வந்து எண்ணுவார், படம் எடுப்பார், அது நீதிமன்றத்துக்குப் போகும். சிப்பிக் குஞ்சு செத்தால் கரைக்கு ஒண்டும் வராது. அது சாகாமல் பிறக்காமலே போனால் அதுக்கும் உடல் இல்லை. 38 சதவீதம் முட்டை குறைஞ்சதுக்கு எந்தக் கடற்கரையில போய்ப் படம் எடுக்கிறது? இங்கே எங்கட ஊர்லயும் இதே புத்திதான். கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள மான் பொலித்தீன் தின்னுற படத்தை நாங்கள் எல்லாரும் போட்டிருக்கிறம். அம்பாறையில் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானை செத்த படத்தைப் போட்டிருக்கிறம். கண்ணும் மூஞ்சியும் இருக்கிற உயிருக்குத்தான் எங்களுக்கு இரக்கம் வருது. இரக்கம் வாறது பிழை இல்லை. ஆனால் அரசாங்கமும் கம்பனிகளும் நட்டஈட்டை அந்த இரக்கத்தின் அளவில் கணக்குப் போட்டால், கடலின் அடிச்சோறு கணக்குக்கு வெளியே போயிடும்.

முந்தி அப்பிடி இருக்கேல்ல எண்டது இன்னும் எரிச்சல். துறைமுகத்துக்குத் தென்மேற்கே தம்பலகாமக் குடா இருக்கு. அங்கே ஒரு தட்டைச் சிப்பி உண்டு, ஓடு மெல்லிசா, வெளிச்சம் ஊடுருவும். யன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக ஆசிய நாடுகள் சிலதில் அதைப் பாவித்தார்கள். அதுக்குள்ள சின்ன முத்து இருக்கும். 1850களில் வெள்ளைக்கார அரசாங்கம் இலங்கையின் முத்துச் சிப்பிகளை ஆராய ஒரு ஆளை நியமித்தது: கெலார்ட், இங்கே பிறந்த வைத்தியர். தம்பலகாமச் சிப்பியும் அவரது ஆய்வில் இருந்தது. அவரது அறிக்கை ஒண்டு 1858இல் திருகோணமலையில்தான் அச்சானது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்ணல் வந்து தம்பலகாமத்துச் சிப்பியைப் பற்றி அறிக்கை எழுதினார். அவரும் ஹேர்ட்மனும் மன்னார்க் குடாவின் முத்துப் பார்களை ஆராய்ந்து தொகுதி தொகுதியாக எழுதினார்கள். பாருக்குச் சுழியோடிகளை இறக்கி, இந்த வருசம் எவ்வளவு குஞ்சு ஒட்டியிருக்கு, போன வருசக் குஞ்சு எவ்வளவு தப்பியிருக்கு எண்டு பார்ப்பார்கள்.

வெள்ளைக்காரனுக்குச் சிப்பியில பாசம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். குஞ்சு ஒட்டாட்டி நாலைந்து வருசத்தில் முத்து இல்லை, முத்து இல்லாட்டி திறைசேரிக்குக் காசு இல்லை. அதுக்காக எண்ணினார்கள். ஆனால் எண்ணலாம் எண்டது அப்போதே தெரியும். நூற்றறுபது வருசத்துக்கு முதல் நுணுக்குக்காட்டியும் ஒரு வள்ளமும் வைத்துக்கொண்டு செய்யத் தொடங்கின வேலை இது. இண்டைக்கு "கண்ணுக்குத் தெரியாததை எப்பிடி அளக்கிறது?" எண்டு ஒரு அதிகாரி கேட்டால், ஐயா, முத்து இருந்தால் அளந்திருப்பீங்கள் எண்டுதான் நாங்கள் சொல்லுவம்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் மேற்கில நடந்தது, கிழக்கில இருக்கிற உங்களுக்கு என்ன எண்டு கேக்கலாம். ரெண்டு பதில்.

ஒண்டு, கப்பல் எல்லாக் கடலிலும் ஓடுது. கப்பல் தீப்பிடித்தபோது சர்வதேச விதியின்படி பிளாஸ்டிக் உருண்டை ஆபத்தான சரக்கே இல்லை. 2024 மார்ச்சில் சர்வதேச கடல்சார் அமைப்பின் குழு ஒண்டு, நல்ல உறையில் போடுங்கோ, எந்தக் கொள்கலனில் இருக்கு எண்டு சொல்லுங்கோ, மேல்தட்டில் வைக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு வழிகாட்டல் ஒப்புக்கொண்டது. வழிகாட்டல்தான். கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம். ஒரு வருசம் கழிய, 2025 மே 25, எம்.எஸ்.சி. எல்சா 3 எண்ட கப்பல் கேரளாவுக்கு வெளியே தாண்டது. அதன் உருண்டைகள் கேரளக் கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரிக்கு வந்து, தனுஷ்கோடிக்கு வந்து, ஜூனில் எங்கட வடக்குக் கரைகளிலும் ஒதுங்கின. கடலட்டை பிடிக்கிறவர், நண்டு பிடிக்கிறவர், மட்டி எடுக்கிறவர் எண்டு கரையை நம்பி வாழுற சனம் இருக்கிற கடல் அது. பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தத்துக்காக ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடின நாடுகள் ஒப்பந்தம் ஒண்டும் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ரெண்டாவது பதில் எங்களுக்கே கொஞ்சம் கூச்சமானது. கொட்டியாரக்குடாவுக்குக் கப்பல் தேவையில்லை. மகாவலி இருக்கு. 335 கிலோமீற்றர் ஓடி, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் தண்ணியைக் கூட்டிக்கொண்டு மூதூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி எல்லாம் இந்த ஆத்தங்கரைதான். அணைக்கட்டுகளில் ஒரு பங்கு தங்கும், சரி. ஆனால் தூளாகினது தண்ணியோடதான் வரும். அதுக்கு மேல எங்கட ஊரின் பங்கு. ஓர்ஸ் ஹில் மேட்டில மழை பெய்தால் வடிகான் எல்லாம் எங்க போகுது எண்டு ஒருநாள் குடையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால போய்ப் பாருங்கோ. துவைக்கிற பொலியெஸ்டரில் இருந்து கழருற நூல், வாகன ரயர் தேய்ஞ்ச தூள், தடை எண்டு சொல்லியும் கடலுக்குப் போற தங்கூசி வலையின் துண்டு, பைபர் படகை உரசிப் பூசேக்குள்ள பறக்கிற தூசு. சோத்துப் பார்சல் சுத்துற லஞ்ச் சீற்றை 2017 செப்டம்பரில் தடைசெய்தார்கள். சாப்பாட்டுக் கடையில் நிண்டு அதை எங்களுக்கே சுத்தித் தரேக்குள்ள நாங்கள் வாங்கிக்கொண்டு வாறம்.

வலையையும் படகையும் எழுதினதால் மீனவரைக் குற்றம் சாட்டுறம் எண்டு எடுக்க வேண்டாம். பஞ்சு வலையை எடுத்துவிட்டு நைலோனைக் கையில குடுத்தது அபிவிருத்தித் திட்டம். பழுதான வலையைத் திருப்பிக் குடுக்க ஒரு இடம் இல்லாட்டி அது கடலில்தான் கிடக்கும். கரையில ஒரு மீனவர் பழைய வலையை எரிச்சதுக்கு எங்கட பெடியன் ஒருத்தன் வகுப்பெடுத்தான். அவர் அமைதியாகக் கேட்டார்: "அப்ப நீ கொண்டு போறியா தம்பி?" பெடியனிட்டப் பதில் இல்லை.

துப்புரவு நிகழ்வுக்குத் திரும்புவம். கரையில போத்தல் பொறுக்கிறது வீண் எண்டு நாங்கள் சொல்லேல்ல. இண்டைக்குப் பொறுக்கிற போத்தல் பத்து வருசத்தில் தூளாகாது, அது நல்லதுதான். எங்களுக்குக் கோபம், அந்த நிகழ்வு எல்லாத்துக்கும் பதிலாக நிக்கிறதில். போத்தல் செய்கிற கம்பனி ரீ-சேர்ட் தரும், மாணவர் வந்து அந்தக் கம்பனியின் போத்தலையே பொறுக்குவார்கள், படம் வருடாந்த அறிக்கையில் வரும். நாங்கள் கூலி இல்லாத விளம்பரம். அண்டைக்கு எங்கட சாக்குகளை ஏத்தின உழவு மெசின் எங்க கொண்டுபோய்க் கொட்டினது எண்டு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேக்கவும் இல்லை. அது எங்கட பிழை.

நாங்கள் கேக்கிறது இதுதான். அந்த நூறு கோடி டொலரில் எது வந்தாலும், அல்லது அது வாறதுக்கு முதலே அரசின் சொந்தக் காசில், நாட்டின் எல்லாக் கரையிலும், கிழக்கு உட்பட, சிப்பி மட்டிக் குஞ்சு ஒட்டுறதை வருசா வருசம் அளக்கவேணும். நாராவிடம் ஆள் இருக்கு, பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படிக்கிற எங்கட நண்பர்கள் இருக்கினம். தம்பலகாமம், கொட்டியாரம், உட்துறைமுகம் மூண்டும் அந்தப் பட்டியலில் இருக்கவேணும். தண்ணியில துகள் எவ்வளவு, ஒட்டின குஞ்சு எவ்வளவு, ரெண்டையும் ஒண்டாப் போடவேணும். முடிவை ஆங்கிலத்தில் மட்டும் பி.டி.எப். ஆக்கி வைக்காமல் தமிழிலும் சிங்களத்திலும் இறங்குதுறையில் ஒட்டவேணும், அந்த அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டக்கூடிய மாதிரி. பிளாஸ்டிக் உருண்டை ஏத்திவாற கப்பல் அதைச் சொல்லாமல் இந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் வரக்கூடாது எண்டு எங்கட சட்டத்தில் போடவேணும், சர்வதேச வழிகாட்டல் கட்டாயமாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சின்ன மட்டி குறைஞ்சதுக்குக் காரணம் பிளாஸ்டிக் இல்லை எண்டு அந்த அளவீடு காட்டினால், அதையும் இதே பக்கத்தில் எழுதுவம்.

இது பெரிய விஞ்ஞானம் எண்டு தட்டிக்கழிக்க ஏலாது. தூத்துக்குடியில் 1970களிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்ணும் சிப்பிக் குஞ்சு பிடிக்க என்ன பாவித்தார்கள் தெரியுமா? கூரை ஓடு. ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசிக் கடலுக்குள் வைப்பார்கள். அலையிற குஞ்சு வந்து சுண்ணாம்பில் ஒட்டும். கொஞ்சநாள் கழிய எடுத்து எண்ணி, சுரண்டி, வளர்ப்பார்கள்.

ஓடு எங்களிட்ட இருக்கு. பழைய வீடு ஒண்டு இடிக்கேக்குள்ள இருபது ஓடு வாங்கி வைச்சிருக்கிறம். சுண்ணாம்பு வாங்க ஆள் இருக்கு. உட்துறைமுகத்தில் எங்க தொங்கவிடுறது எண்டால் அதுக்கு அனுமதி வேணும். ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் குடுத்தோம், இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, நீங்கள் எந்தப் பீடம் எண்டு கேட்டார்கள். கலைப்பீடம் எண்டோம். சிரிச்சுக்கொண்டு கடிதத்தை வாங்கி வைத்தார்கள். அடுத்த கிழமை திரும்பப் போறம். விலங்கியல் படிக்கிற ஆரும் வாசிச்சுக்கொண்டிருந்தால் எங்களோட வாங்கோ, உங்கட பீடத்தின் பெயரைப் போட்டால் கடிதம் கொஞ்சம் கெதியா நகரும். தண்ணிப் போத்தல் தரமாட்டம், வீட்டில இருந்து கொண்டுவாங்கோ.